அந்தப் பக்கம் இருப்பவர்

2006 வாக்கில் திருப்பூரின் கணக்கு பைக்கில்தான் போய்வந்துகொண்டிருந்தது. பனியன் கம்பெனி என்றால் ஆபீஸ் ஓரிடம், யூனிட் வேறிடம். காதர்பேட்டையிலோ அவினாசி ரோட்டிலோ ஆபீஸ் இருக்கும். கட்டிங்கும் தையலும் பல்லடம் ரோட்டிலோ பெருமாநல்லூர்ப் பக்கமோ நடக்கும். பகல் முழுக்க யூனிட்டில் டேலி என்ற கணக்கு மென்பொருளில் ஏறிய பில்களையும் வவுச்சர்களையும் சாயங்காலம் பென் டிரைவில் போட்டு ஒரு பையன் ஆபீசுக்குக் கொண்டுவருவான். அன்றைக்கே ஆபீசிலும் யாராவது ஒரு என்ட்ரி போட்டிருந்தால், பென் டிரைவில் வந்த ஃபோல்டர் அதன்மேல் ஏறி அதை அழித்துவிடும். எது புதுசு, எது பழசு என்று தினமும் வாக்குவாதம்.

நான் அப்போது கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்த்துக்கொண்டிருந்தேன். 2007 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் வாட் வரி நடைமுறைக்கு வந்தது. சரக்கு வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்ள வேண்டுமானால் ஒவ்வொரு கொள்முதல் பில்லும் சரியாக ஏறியிருக்க வேண்டும். பென் டிரைவை நம்பி இனிமேல் ஓட்ட முடியாது என்று ஆடிட்டர்கள் நெருக்கத் தொடங்கினார்கள். நான் வேலை பார்த்துக்கொடுத்த ஒரு கம்பெனியின் முதலாளி கேட்டார்: "யூனிட்டுக் கம்ப்யூட்டரை இங்க உக்காந்தே பாக்க முடியாதுங்களா?"

முடியும். விண்டோஸ் எக்ஸ்பி புரொஃபஷனலில் அதற்கான வசதி 2001-லிருந்தே இருந்தது. மை கம்ப்யூட்டரில் ரைட் கிளிக், பிராப்பர்ட்டீஸ், அதில் ரிமோட் என்ற பக்கம், அங்கே ஒரு கட்டத்தில் டிக். ஆபீஸ் பக்கத்தில் ஸ்டார்ட், ரன், எம்எஸ்டிஎஸ்சி. அவ்வளவுதான். எக்ஸ்பி ஹோம் போட்ட கம்ப்யூட்டரிலிருந்து வெளியே போகலாம், அதற்குள் யாரும் வர முடியாது. அதனால் யூனிட்டில் புரொஃபஷனல்தான் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லி வாங்கவைத்திருந்தேன்.

யூனிட்டில் கணக்கு பார்த்தவர் ஓர் அக்கா. கையால் பேரேடு எழுதிய காலத்திலிருந்து அந்தக் கம்பெனியில் இருப்பவர். அவருடைய கம்ப்யூட்டருக்குப் பாஸ்வேர்டே கிடையாது. பாஸ்வேர்டு இல்லாத கணக்கில் நேரில் உட்கார்ந்து நுழையலாம். தொலைவிலிருந்து நுழைய எக்ஸ்பி அனுமதிக்காது. ஒன்று வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

"எனக்கெதுக்குங்க தம்பி பாஸ்வேர்டு? இங்க வேற யாரு வர்றாங்க?"

"இனிமே ஆபீஸ்ல இருந்து வருவாங்கக்கா. நானும் வருவேனுங்க."

சிறிது நேரம் யோசித்துவிட்டு, என்னை அந்தப் பக்கம் திரும்பச் சொல்லி, தானே ஒன்றைத் தட்டிவைத்தார். ஆபீஸ் அக்கவுண்டன்டுக்குத் தனிக் கணக்கு ஒன்று உருவாக்கிக்கொடுத்தேன். இணைப்பு வேலை செய்தது. முதலாளிக்கு மகிழ்ச்சி.

மறுநாளே அக்காவிடமிருந்து போன். பில் ஏற்றிக்கொண்டிருக்கும்போதே திரை போய்விட்டது, லாகின் பக்கம் வந்து நிற்கிறது, தான் எதையும் தொடவில்லை என்றார். எக்ஸ்பியின் ரிமோட் டெஸ்க்டாப் அப்படித்தான். ஒரு நேரத்தில் ஒருவருக்குத்தான் இடம். தொலைவிலிருந்து ஒருவர் நுழைந்தால், நேரில் இருப்பவரின் திரை பூட்டிக்கொள்ளும். ஆபீஸ் அக்கவுண்டன்ட் ஒரு பாக்கியைச் சரிபார்க்க உள்ளே போயிருந்தார். நான் விளக்கியதும் அக்கா கேட்டது ஒரே கேள்விதான்.

"கேட்டுப்போட்டு வந்தா ஆகாதுங்களா?"

இந்தத் தொழிலில் நான் படித்த எந்தக் கையேட்டிலும் அந்தக் கேள்வி இல்லை. கேபிள், ஐபி எண், போர்ட், பாஸ்வேர்டு எல்லாம் இருந்தன. அந்த நாற்காலியில் ஓர் ஆள் உட்கார்ந்திருக்கிறார், அவருக்கு ஒரு வேலை ஓடிக்கொண்டிருக்கிறது என்பது இல்லை. அன்றைக்கே ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம்: உள்ளே வருமுன் போன் செய்ய வேண்டும், அக்கா சேவ் செய்துவிட்டுச் சரி என்று சொன்ன பிறகுதான் வர வேண்டும்.

இருவரும் சேர்ந்து ஒரே திரையைப் பார்க்க வேண்டிய வேலைகளுக்கு விஎன்சி என்ற மென்பொருளைப் போட்டுக்கொடுத்தேன். அது இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில், ஒலிவெட்டி ஆய்வகத்தில் 1990-களில் உருவானது. மூல நிரலோடு இலவசமாக வெளியிட்டார்கள். அதனால்தான் டைட்விஎன்சி, அல்ட்ராவிஎன்சி என்று அதன் கிளைகள் பல திருப்பூர் வரை வந்து சேர்ந்தன. அது வேலை செய்யும் விதம் எளிது. திரையில் எந்தச் செவ்வகப் பகுதி மாறியதோ, அதன் படத்தை மட்டும் அனுப்பும். எதிரே லினக்ஸ் இருந்தாலும் விண்டோஸ் இருந்தாலும் அதற்குக் கவலை இல்லை. ரிமோட் டெஸ்க்டாப்புக்குப் பின்னால் இருக்கும் மைக்ரோசாஃப்டின் ஆர்டிபியோ இங்கே ஒரு கோடு, அங்கே இந்த எழுத்து என்று வரைவதற்கான கட்டளைகளை அனுப்பும். அதனால் மெதுவான இணைப்பில் ஆர்டிபி வேகமாகத் தெரியும். எங்களுக்கு வாய்த்திருந்தது நொடிக்கு 256 கிலோபிட் பிராட்பேண்ட். விஎன்சியில் வண்ணங்களைக் குறைத்து, பின்னணிப் படத்தை நீக்கும் வசதியையும் போட்டுவைத்தால்தான் டேலி நகரும்.

அக்காவின் திரையில் பின்னணியாக இருந்தது பழனி முருகன் படம். நான் விஎன்சி வழியாக உள்ளே போனதும் முருகன் மறைந்து வெறும் நிறம் வரும். வெளியே வந்ததும் முருகன் திரும்புவார். அதை அவர் தாமாகவே கவனித்துக் கண்டுபிடித்துவிட்டார். "முருகன் போயிட்டாருங்க, தம்பி வந்தாச்சுங்களா?" என்று போனில் கேட்பார். யாரோ உள்ளே இருக்கிறார்கள் என்பதை அந்தப் பக்கம் இருப்பவருக்குத் தெளிவாகக் காட்டும் அடையாளம் ஒன்று வேண்டும். எங்களுக்கு அது இப்படி அமைந்தது. பிற்காலத்தில் எந்த மென்பொருளைத் தேர்ந்தெடுத்தாலும் இதைத்தான் முதலில் பார்த்தேன். யாரேனும் உள்ளே இருக்கும்போது திரையில் அது தெரிகிறதா? தெரியாமல் செய்யும் வசதியை முதலாளிகள் சிலர் கேட்டதுண்டு. நான் செய்துகொடுக்கவில்லை.

விஎன்சியில் இருவருக்கும் ஒரே அம்புக்குறி. இருவரும் ஒரே சமயம் மவுஸைத் தொட்டால் அது இங்கும் அங்கும் துள்ளும். அவர் கையை எடுத்தால் நான், நான் எடுத்தால் அவர் என்று பழகிக்கொண்டோம். போன் எடுக்க முடியாத நேரத்தில் அக்கா நோட்பேடைத் திறந்து, ஆங்கில எழுத்திலேயே தமிழை எழுதுவார். இந்த பில்லைப் பாருங்க தம்பி, ரேட்டு சரியா என்று வரும். கீழே நான் பதில் எழுதுவேன்.

தொலைவிலுள்ள திரையை இருவர் பகிர்வதைப் பொதுமேடையில் காட்டியவர் அமெரிக்கக் கணினி ஆய்வாளர் டக்ளஸ் எங்கல்பார்ட். 1968 டிசம்பர் 9 அன்று சான் ஃபிரான்சிஸ்கோ மேடையில் அவர் அமர்ந்திருந்தார். கம்ப்யூட்டர் ஏறத்தாழ 50 கி.மீ. தள்ளி மென்லோ பார்க்கில். நடுவே மைக்ரோவேவ் இணைப்பு. அந்த நிகழ்ச்சியின் பதிவைப் பல ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது என்னை ஈர்த்தது அதில் காட்டப்பட்ட மவுஸ் அல்ல, அங்கே மென்லோ பார்க்கில் இருந்த அவருடைய சக ஆய்வாளர் பில் பாக்ஸ்டனின் முகம். திரையின் ஒரு மூலையில் அவர் தெரிகிறார், குரல் கேட்கிறது, இருவரும் பேசிக்கொண்டே ஒரே ஆவணத்தில் வேலை செய்கிறார்கள். அந்தப் பக்கம் இருக்கும் மனிதருக்கு அப்போதே அவர்கள் திரையில் இடம் ஒதுக்கியிருந்தார்கள். பின்னால் வந்த கருவிகள் பலவற்றில் அந்த இடம் காணாமல் போய்விட்டது.

யூனிட்டையும் ஆபீசையும் இணைத்ததில் கடினமான பகுதி கம்ப்யூட்டருக்குள் இல்லை, மோடத்தில் இருந்தது. உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர்களுக்கு 192.168 என்று தொடங்கும் எண்கள். அவை அந்தக் கட்டிடத்துக்குள் மட்டும் செல்லும். வெளியுலகுக்குத் தெரிவது மோடத்தின் ஒற்றை எண். லைன் வீடுகளுக்கெல்லாம் ஒரே கதவு எண் இருந்தால், தபால்காரர் காம்பவுண்டு வாசலில் நின்று எந்த வீடு என்று கேட்பதைப் போன்ற நிலைமை. ரிமோட் டெஸ்க்டாப்பின் போர்ட் எண்ணான 3389-ஐக் கேட்டு வருபவரை இந்தக் கம்ப்யூட்டரிடம் அனுப்பு என்று மோடத்தில் எழுதிவைக்க வேண்டும். மோடம் அணைந்து எரிந்தால் அந்த வெளி எண்ணும் மாறிவிடும். மாறும் எண்ணை ஒரு நிலையான பெயரோடு கட்டிவைக்கும் டைனமிக் டிஎன்எஸ் சேவைகள் அப்போது இலவசமாகக் கிடைத்தன. அவற்றில் ஒன்றைப் பதிவுசெய்து வைத்தேன்.

இத்தனையும் செய்த பிறகு கரண்ட் போகும். 2008-க்குப் பிறகு தமிழ்நாட்டில் மின்வெட்டு கடுமையானது. 2012-ல் அது உச்சம். யூனிட்டில் ஜெனரேட்டர் உண்டு. ஆனால் கரண்ட் போய் ஜெனரேட்டர் பிடிக்கும் இடைவெளியில் மோடம் செத்துப் பிழைக்கும். கம்ப்யூட்டர் அணைந்தால் அணைந்ததுதான். பயாஸில் மின்சாரம் திரும்பியதும் தானே எழுந்துகொள்ளச் சொல்லும் அமைப்பு ஒன்று உண்டு, அதைப் போட்டுவைத்தேன். வேக்-ஆன்-லேன் என்ற இன்னொரு வழியும் இருக்கிறது. நெட்வொர்க் கார்டின் முகவரியை 16 முறை திரும்பச் சொல்லும் 102 பைட் செய்தி ஒன்றை அனுப்பினால், தூங்கும் கம்ப்யூட்டர் விழிக்கும். ஆனால் அந்தச் செய்தி உள் வலையில் எல்லோருக்குமாகக் கூவப்படுவது; வெளியிலிருந்து வந்தால் சாதாரண மோடம் அதை உள்ளே விடாது. கடைசியில் நம்பகமான வழி அக்காவின் விரல்தான்.

மோடத்தின் விளக்குகளுக்குக் கீழே தமிழில் சீட்டு எழுதி ஒட்டிவைத்தேன். எது மின்னினால் லைன் கோளாறு, எது எரியாவிட்டால் லாகின் கோளாறு என்று. கொஞ்ச காலத்தில் சீட்டே அவருக்குத் தேவைப்படவில்லை. நான் கேட்குமுன் அவரே சொல்வார்: "டிஎஸ்எல் நிக்காம மின்னுதுங்க தம்பி. லைனுதான். எக்ஸ்சேஞ்சுக்குச் சொல்லிப்போட்டேன்." அல்லது, "டிஎஸ்எல் நல்லா எரியுதுங்க, இன்டர்நெட்டுதான் வரல. ஆஃப் பண்ணிப்போட்டுப் போடட்டுங்களா?" ஆபீசில் இருந்தவர்கள் தொலைவிலிருந்தே எல்லாம் நடக்கிறது என்று வியந்தார்கள். அது நடந்ததில் பாதி அவருடைய கண்ணாலும் கையாலும் நடந்தது. சம்பளப் பட்டியலில் அந்த வேலைக்குப் பெயர் இல்லை. முதலாளியிடம் நான் அதைச் சொன்னேன். தீபாவளி போனஸில் அவர் அதைக் கணக்கில் எடுத்துக்கொண்டார்.

இதற்கு நேர் எதிரான ஒன்றையும் பார்த்தேன். ஏற்றுமதி நிறுவனம் ஒன்று எல்லாம் முடிந்த பிறகு என்னைக் கூப்பிட்டது. கோப்புகள் அத்தனையும் பூட்டப்பட்டு, பணம் கேட்டு ஒரு குறிப்பு மட்டும் திரையில் இருந்தது. பேக்கப் எடுத்துவைத்த டிரைவும் அதே கம்ப்யூட்டரில் செருகியே இருந்ததால் அதுவும் போயிருந்தது. 3389 உலகத்துக்கே திறந்திருந்தது. நிகழ்வுப் பதிவைத் திறந்தால் 4625 என்ற எண்ணோடு தோற்றுப்போன லாகின் முயற்சிகள் பக்கம் பக்கமாக. அட்மினிஸ்ட்ரேட்டர், யூசர், டேலி என்று ஊகிக்கக்கூடிய பெயர்களை எல்லாம் இயந்திரங்கள் இரவும் பகலும் தட்டிப் பார்த்திருந்தன. ஒன்றில் கதவு திறந்துவிட்டது. என்னை வருத்தியது இன்னொன்று. அந்தக் கம்ப்யூட்டரில் தினமும் உட்கார்ந்த பெண்ணுக்கு இப்படி ஒரு வழி திறந்திருப்பதே தெரியாது. சில நாட்களாக, சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் திரை பூட்டிக்கிடந்ததைக் கவனித்திருக்கிறார். யாரிடம் சொல்வது என்று தெரியாமல் விட்டிருக்கிறார். யாராவது அவரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் முதல் நாளே போன் செய்திருப்பார். அச்சிட்டு வைத்திருந்த பேரேடுகளைப் பார்த்து அவரும் இன்னும் இருவரும் கணக்கை மறுபடி ஏற்றினார்கள்.

2019 மே மாதம் புளூகீப் என்ற ஓட்டை வெளிவந்தது. பாஸ்வேர்டே இல்லாமல் பழைய விண்டோஸின் ரிமோட் டெஸ்க்டாப்புக்குள் புகுந்துவிடலாம் என்பதால், ஆதரவை நிறுத்திப் பல ஆண்டுகளான எக்ஸ்பிக்குக்கூட மைக்ரோசாஃப்ட் திருத்தம் வெளியிட்டது. அதற்கு முன்பே நான் பார்த்துக்கொண்ட இடங்களில் 3389-ஐ வெளிப்பக்கம் மூடி, விபிஎன் வழியாக மட்டும் வரும்படி மாற்றியிருந்தேன். ஒவ்வோர் இடத்திலும் அங்கே உட்காருபவரை அருகில் வைத்துக்கொண்டுதான் மாற்றினேன்.

பிறகு கொரோனாவோடு 2020 மார்ச் வந்தது. 24-ஆம் தேதி செவ்வாய்க்கிழமை மாலை 6 மணிக்குத் தமிழ்நாட்டில் 144 தடை. அன்று நள்ளிரவு நாடு முழுவதும் ஊரடங்கு. திருப்பூரில் கூலி வாரக்கூலி, சனிக்கிழமைச் சம்பளம். அடுத்த சனிக்கிழமை 28-ஆம் தேதி. வெளிமாவட்டத்திலிருந்தும் வெளிமாநிலத்திலிருந்தும் வந்தவர்கள் விடுதிகளிலும் லைன் வீடுகளிலும் மாட்டிக்கொண்டிருந்தார்கள்; அரிசி வாங்க அந்தப் பணம் வேண்டும். வருகைப் பதிவும் வங்கிக்கு அனுப்பும் பட்டியலும் யூனிட் கம்ப்யூட்டரில். எல்லோரும் அவசரமாகக் கிளம்பியதில் மெயினையே இறக்கிவிட்டுப் போயிருந்தார்கள். யூனிட்டில் இருந்தவர் வாட்ச்மேன் ஒருவர்தான். திண்டுக்கல் பக்கத்துக்காரர், வயதானவர். ஆங்கில எழுத்துப் படிக்கத் தெரியாது. மவுஸைப் பிடித்ததில்லை.

நான், வீட்டிலிருந்த அக்கா, வாட்ச்மேன் மூவரும் ஒரே போன் அழைப்பில் சேர்ந்தோம். மெயினை ஏற்றினார். மோடம் எழுந்தது. என் விபிஎன் உள்ளே போகவில்லை. புதிதாக மாற்றியிருந்த ஃபைபர் இணைப்பில் வெளி எண்ணையே பல வாடிக்கையாளர்களுக்குப் பொதுவாகப் பங்கிட்டிருந்தார்கள். வெளியிலிருந்து அந்த மோடத்தைக் கூப்பிடவே வழி இல்லை. அப்படிப்பட்ட இடத்தில் உதவுவது, இரு பக்கமும் தாமாக வெளியே கிளம்பிப்போய் நடுவிலுள்ள ஒரு சர்வரில் சந்திக்கும் வகை மென்பொருள். அதில் ஒன்றை முன்பே போட்டுவைத்திருந்தேன். ஆனால் கம்ப்யூட்டருக்குள் நுழைந்தால்தான் அதன் எண் திரையில் தெரியும். நுழைய பாஸ்வேர்டு வேண்டும்.

அக்கா பாஸ்வேர்டை எழுத்தாகச் சொல்லவில்லை, இடமாகச் சொன்னார். "அண்ணா, எண்ணு வரிசைக்கு அடுத்த கீழ் வரிசைங்க. இடது கைப் பக்கம் இருந்து எழுத்து மட்டும் எண்ணுங்க. மூணாவது. அமுக்கிட்டீங்களா? உடனே கைய எடுத்தரோணும்." இப்படியே ஒவ்வொன்றாக. விசைப்பலகை முழுவதும் அவர் நினைவில் இருந்தது. ஒரு தடவை தவறாகப் போயிற்று, மறுபடி முதலிலிருந்து. பிறகு வாட்ச்மேன் சொன்னார்: "முருகர் வந்துட்டாருங்க."

ஒன்பது இலக்கங்களை அவர் தெளிவாகப் படித்தார். எண்கள் அவருக்கு நன்றாகத் தெரியும். நான் அழைத்ததும் திரையில் அனுமதி கேட்டுப் பெட்டி வந்தது. மவுஸை எப்படிப் பிடிப்பது, அம்பை எப்படி அங்கே கொண்டுபோவது என்று அக்கா பொறுமையாகச் சொல்லச் சொல்ல, அவர் அமுக்கினார். நான் உள்ளே போனேன். அக்கா வீட்டிலிருந்து ஒவ்வொரு பெயராகச் சரிபார்த்துச் சொல்ல, பட்டியல் வங்கிக்குப் போயிற்று. வேலை முடியும்வரை வாட்ச்மேன் அந்த நாற்காலியை விட்டு எழவில்லை. "முடிச்சதும் சொல்லுங்க சார், நான் பாத்துத்தான் ஆஃப் பண்ணணும்" என்றார். சனிக்கிழமை கூலி ஏறியது. அன்று மாலையே நான் அந்தப் பாஸ்வேர்டை மாற்றவைத்தேன். இரண்டு பேரும் அதைச் சரி என்றுதான் ஏற்றுக்கொண்டார்கள்.

அனுமதி கேட்கும் அதே பெட்டியை வைத்துத்தான் ஏமாற்றுக்காரர்களும் வேலை செய்கிறார்கள். வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி ஓர் ஆப்பைப் போடச் சொல்வார்கள், ஒன்பது இலக்க எண்ணைக் கேட்பார்கள், அனுமதியை அமுக்கச் சொல்வார்கள். 2019 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கியே இதைப் பற்றி எச்சரித்தது. எவ்வளவு பூட்டுப் போட்டாலும் கடைசி முடிவு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவருடையது என்பது திருடனுக்கு நன்றாகத் தெரியும். நியாயமாக வேலை செய்யும் நாம்தான் அதை மறந்து, அவருக்குத் தெரியாமல், அவரைக் கேட்காமல், அவருக்குச் சொல்லித்தராமல் இணைப்பைக் கொடுத்துவிட்டு வருகிறோம். கேட்காமல் வருவதையே பார்த்துப் பழகியவருக்கு, கேட்கக் கூடாதவர் கேட்கும்போது மறுக்க எப்படித் தோன்றும்?

இப்போது எங்கே இந்த வேலைக்குப் போனாலும், கம்ப்யூட்டரைத் தொடுமுன் அதில் உட்காருபவரோடு உட்காருகிறேன். யார் யார் வரக்கூடும் என்று பெயர் சொல்கிறேன். வந்திருப்பது எப்படித் தெரியும் என்று காட்டுகிறேன். நீங்களே கூப்பிட்டுப் பேசியவருக்கு எண்ணைத் தரலாம், உங்களைக் கூப்பிட்டவருக்குத் தரக் கூடாது என்கிறேன். பிறகு நான் அடுத்த அறைக்குப் போய், அங்கிருந்து உள்ளே நுழைந்து, என்னை வெளியே தள்ளச் சொல்கிறேன். முதலில் தயங்குவார்கள். மவுஸை எடுத்து இணைப்பைத் துண்டித்த பிறகு அவர்கள் முகத்தில் ஒரு தெளிவு வரும். அதைப் பார்க்கும்வரை சர்வீஸ் ரிப்போர்ட்டில் வேலை முடிந்தது என்று நான் எழுதுவதில்லை.